ஆற்றியிருத்தல்: தலைவன் ஊரில் இல்லாத வீடு



பிரிவைப் பாடிய பாடல்கள் தமிழில் மிகுதி. பிரிந்து சென்றவன் நடந்த பாலை வழி, அவ்வழியின் வெம்மை, அவன் தங்கிய பாசறை, அவன் ஏறி மீண்ட தேர் என ஒவ்வொன்றும் விரிவாகப் பாடப்பெற்றிருக்கின்றன. ஆனால் அவன் சென்ற மறுநாட் காலையில் அவ்வீட்டின் அடுப்பை மூட்டியவர் யார், கறவைக்குத் தீனி வைத்தவர் யார், தோட்டத்திற்கு நீர் விட்டவர் யார், கேட்டு வந்த கடன்காரருக்கு விடை சொன்னவர் யார் என்னும் வினா அருகியே எழுந்துள்ளது. அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வினாவை எழுப்புதற்கு வத்தலக்குண்டு தகுதியான ஊர். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையின் வாயிலில் அமைந்தது இது. மேலே காப்பித் தோட்டங்களும் மலைவாழைத் தோட்டங்களும் இருக்கின்றன. கீழே நஞ்சையும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கின்றன. மலைக்கு ஏறிச் செல்வோர் வேலை முடிந்து இறங்கி வரும் வரையில், கீழே உள்ள வீடும் நிலமும் வேறொருவர் கையில் இருந்தாக வேண்டும்.

இவ்வூர்ப் பெயரையே வெற்றிலையோடு இணைத்துச் சொல்லும் வழக்கு உண்டு. கொடிக்கால் வேலையோ, ஆள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக்கூடிய வேலை அன்று. அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றி, வளர வளரக் கட்டி, நீர் தேங்காமலும் வற்றாமலும் பார்த்து, நெடிது வளர்ந்த கொடியைப் பருவத்தில் இறக்கிக் கட்டி, இலை கிள்ளி, நூறு நூறாக எண்ணிக் கவுளியாக அடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்பதற்காகக் கொடி வளராமல் நிற்பதில்லை. கிள்ளாத இலை கொடியிலேயே முற்றிவிடும். ஆகவே அவர் இல்லாத நாள்களில் அந்தக் கொடிக்காலை ஒருவர் நடத்துகிறார். அவருக்குத் தமிழ் இலக்கணம் என்ன பெயர் இட்டிருக்கிறது என்பதை முதலில் காண்போம்.

தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களை வகுத்துச் சொல்கிறது. கால எல்லையும் குறிக்கிறது. கல்விக்காகப் பிரிந்தால் 3 ஆண்டுக்கு மேற்படலாகாது. வேந்தன் பணிக்காகப் பிரிந்தால் ஓர் ஆண்டுக்குள் மீள வேண்டும். செல்பவனுக்கு இவ்வளவு தெளிவான கணக்கு உண்டு. வீட்டில் இருப்பவளுக்கு வாய்த்தது முல்லைத் திணையின் உரிப்பொருளாகிய 'இருத்தல்' என்னும் ஒரு சொல். இச்சொல்லைப் பிற்காலத்தார் வெறும் காத்திருத்தல் என்று கொண்டனர். வாயிலில் சாய்ந்து நின்று வழி பார்க்கும் பெண்ணின் ஓவியம் அவ்வாறு உருவாயிற்று.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அவ்வளவில் நிற்கவில்லை. முல்லைப்பாட்டிற்கு உரை காணுமிடத்து, ஆற்றியிருத்தலோடு இல்லறம் நிகழ்த்துதலையும் சேர்த்தே முல்லையின் இயல்பாக அவர் சொல்கிறார். 'ஆற்றுதல்' என்னும் வினைக்கே இரு பொருள் இருப்பதைக் கவிஞர்கள் கருத வேண்டும். துயரை ஆற்றுதல் பொறுத்தல். கடமையை ஆற்றுதல் செய்து முடித்தல். தமிழ் இவ்விரண்டையும் ஒரே சொல்லில் வைத்தது. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்தது படிப்பவர் செயல்.

பாடல்களுக்குள் நுழைந்து பார்த்தால் அம்மறந்த பாதி ஆங்காங்கே தென்படும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், கூதிர்கால மழையில் கதிரவன் மறைந்தது தெரியாதிருக்கிறது. அவ்வூர் மகளிர் பிச்சிமொட்டு மலர்வதைக் கண்டு மாலைப்பொழுது வந்ததென அறிந்து, இரும்பு விளக்கில் எண்ணெய்த் திரியைக் கொளுத்தி, நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். பொழுதை மலரால் அறிவது அழகிற்காக மட்டும் சொன்னதன்று. விளக்கேற்ற வேண்டிய பொறுப்பு உடையவரே பொழுதை இவ்வளவு கூர்ந்து நோக்குவர்.

குறுந்தொகையில் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாடலும் அத்தகையதே. பொருள் தேடி மீண்ட தலைவன், தலைவியை நன்கு ஆற்றுவித்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழியோ அப்பாராட்டைத் தான் ஏலாது, விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு உரியதாக்குகிறாள். நள்ளியின் பசுக்கள் தந்த நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறும் அக்காக்கைக்குப் படைத்தாலும் அது சிறிதே என்கிறாள். பிரிவின் துயரைச் சொல்ல வந்த பாட்டு நெய்யையும் நெல்லையும் அளந்து பேசுகிறது. அது வீட்டை நடத்துபவர் மொழி. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியிலோ மனையில் நட்ட வயலைக்கொடி புறத்தே சென்று படர்கிறது. தலைவன் பரத்தையிற் பிரிந்த வீட்டிலும் கொடியை நட்டு வளர்த்த கை ஒன்று இருந்ததை அவ்வரி தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது.

தலைவன் சென்ற நாளைச் சுவரில் கோடிட்டு எண்ணும் தலைவியை அகப்பாடல்கள் காட்டுகின்றன. அந்நாள்களைத் தொட்டு எண்ணி விரல் தேய்ந்ததைத் திருக்குறளும் பாடுகிறது. இக்காட்சியைப் படிப்போர் உருகுவர். நாட்டுப்புற வீடுகளில் பால் கணக்கும் சுவரில்தான் புள்ளியிடப்பட்டது என்பதை உடன் நினைப்போர் சிலரே. எண்ணி எழுதப் பழகிய கைதான் பிரிந்தவன் நாளையும் எண்ணியது. ஏக்கமும் கணக்கும் ஒரே சுவரில் இருந்தன. இலக்கியம் ஏக்கத்தின் கோடுகளை மட்டும் படியெடுத்தது.

இனி இம்மலைக்கே உரிய சான்றுகளுக்கு வரலாம். பழனியின் பழம்பெயர் பொதினி. அப்பகுதியை ஆண்டவன் மயிலுக்குப் போர்வை அளித்த வையாவிக் கோப்பெரும் பேகன். அவன் மனைவி கண்ணகி. அவளைத் துறந்து வேறொருத்திபால் அவன் சென்றிருந்த காலத்தில், கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவனை இடித்துரைத்துப் பாடினர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் அவை. தமக்குப் பரிசில் வேண்டா, அவள் துயர் தீரத் தேரைப் பூட்டு என்பதே அவர்கள் வேண்டியது. பரிசிலால் உயிர் வாழ்ந்த புலவர்கள் பரிசிலை மறுத்து ஒரு பெண்ணுக்காக நின்றனர். அது தமிழ்ப் புலமையின் பெருமை.

அப்பாடல்களில் கண்ணகி அழுகிறாள்; எண்ணெய் காணாத கூந்தலோடு இருக்கிறாள். அவ்வரண்மனைக்கு வந்த இரவலருக்குச் சோறிட்டவர் யார் என்பது மட்டும் அவற்றில் இல்லை. புலவர்கள் அவளுக்காக வழக்காடினர். அவள் நாள்களை எழுதவில்லை. அவர்களுடைய நோக்கம் அரசனைத் திருத்துவது. அதற்குக் கண்ணீர் போதுமானதாயிற்று.

அப்பெயரையே கொண்ட சிலப்பதிகாரத்துக் கண்ணகி இன்னொரு வகையில் பேசுகிறாள். கோவலன் தன் தவற்றை எண்ணி வருந்தும்போது, அவன் இல்லாத காலத்தில் அறவோர்க்கு அளிக்கவும் துறவோரை எதிர்கொள்ளவும் விருந்தினரை ஏற்கவும் இயலாமற்போனதை அவள் எடுத்துரைக்கிறாள். தனிமை வருத்தியது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. தன் வீட்டில் தனக்கிருந்த உரிமைகள் நின்றுபோயின என்கிறாள். கலத்தில் சோறு இருந்தும் விருந்தை அழைக்க இயலாத நிலை அது. பிரிவினால் பெண் இழப்பது துணையை மட்டுமன்று, வீட்டின் சார்பில் செயற்படும் தகுதியையும் இழக்கிறாள் என்பதை இளங்கோவடிகள் துல்லியமாக உணர்ந்திருக்கிறார்.

மணிமேகலையில் வரும் ஆதிரை இதற்கு மறுதலை. கணவன் சாதுவன் பொருளைத் தொலைத்துக் கடல் கடந்து சென்றான், கலம் உடைந்தது, அவன் இறந்தான் என்ற செய்தி வந்தது. தீயில் இறங்கியும் தீ அவளைச் சுடவில்லை. அவன் நாகர் தீவில் உயிரோடிருக்கிறான் என்ற குரல் கேட்டு வீடு திரும்பிய ஆதிரை, அறச்செயல்கள் குறைவுபடாமல் வாழ்ந்தாள். சாதுவன் மீண்டு வந்தான். பின்னர் மணிமேகலையின் அமுதசுரபியில் முதற் பிச்சையிட்டவளும் அவளே. தலைவன் கடலுக்கு அப்பால் இருந்த நாள்களில் வீட்டின் அறம் முட்டுப்படாமல் நடந்ததைச் சாத்தனார் பதிவு செய்தார். அந்நாள்களை அவர் விரித்துப் பாடியிருந்தால் தமிழுக்கு இன்னொரு காப்பியம் கிடைத்திருக்கும்.

இவர்கள் அனைவரும் செல்வர் மனையினர். வறுமை வீட்டின் கணக்கைக் காட்டியவர் பெருஞ்சித்திரனார். முதிரமலைத் தலைவன் குமணனை நாடிச் சென்று பாடியவர் அவர். குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து உப்பின்றி வேகவைத்த தம் மனைவியின் அடுக்களையை அவனுக்கு முன் எடுத்துரைத்தார். பரிசில் பெற்று மீண்டதும் மனைவியை நோக்கி அவர் பாடியது புறநானூற்றின் 163ஆம் பாடல். அவளை விரும்பியவர்க்கும், அவள் விரும்பியவர்க்கும், சுற்றத்து மூத்த மகளிர்க்கும், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு என்கிறார்.

குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அளந்தே திருப்பித் தரும் கைம்மாற்று. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்குவதும், கிடைத்தபோது அதே படியால் அளந்து கொடுப்பதும் இன்றளவும் ஊர்ப்புறத்தில் உள்ள வழக்கமே. தாம் பரிசில் தேடி அலைந்த காலத்தில் வீடு எவ்வாறு நடந்தது என்பதைப் பெருஞ்சித்திரனார் அறிந்திருந்தார். தம் மனைவி எவரெவரிடம் கடன்பட்டாள் என்ற கணக்கு அவளிடமே இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். ஆகவேதான், இன்னார்க்கு என்று பாராமலும் தம்மோடு கலந்து பேசாமலும் அவளே எல்லோர்க்கும் கொடுக்கலாம் என்று சொல்கிறார்; வீட்டுக்கு உரியவள் என்றே அவளை விளிக்கிறார். தலைவன் ஊரில் இல்லாத நாள்களில் நடந்த ஆட்சியை, அவன் ஊருக்கு வந்த பிறகும் ஏற்றுக்கொண்ட பாடல் அது. கொடையைப் பாராட்டும் பாடலாக அதைப் பாடஞ்சொல்வதே வழக்கம். மனைவியின் கணக்கை ஒப்புக்கொண்ட பாடலாகவும் அதைப் படிக்கலாம்.

அத்தகைய ஒப்புதல் இல்லாத வீட்டில் என்ன நிகழும் என்பதை, வத்தலக்குண்டில் 1872ஆம் ஆண்டு பிறந்த பி.ஆர்.ராஜம் ஐயர் எழுதினார். 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்த அவருடைய நாவல், 'கமலாம்பாள் சரித்திரம்' என்றே இன்று வழங்குகிறது. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பது அதன் முழுப்பெயரின் முற்பகுதி. சிறுகுளம் என்னும் ஊரின் பெரிய குடும்பம், அதன் அடுக்களை, உறவுப் பூசல், ஊர்ப் பெண்டிர் கூடும் 'வம்பர் மகாசபை' ஆகியவற்றை, இருபத்தைந்து வயதும் நிரம்பாத ஓர் இளைஞர் வியக்கத்தக்க நகைச்சுவையோடு தீட்டினார்.

அந்நாவலில் முத்துஸ்வாமி ஐயர் பொருளை இழக்கிறார்; மனைவியைப் பற்றிய பழிச்சொல்லும் அவர் செவியை எட்டுகிறது. அவர் வீட்டைத் துறந்து செல்கிறார், ஞானகுருவை அடைகிறார். அவருக்குச் செல்வதற்கு ஒரு திசை இருக்கிறது, தேடுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. கமலாம்பாளுக்கு இருப்பது அதே வீடும் அதே ஊரும் அதே வாய்களும். கணவன் இல்லாத வீட்டை நடத்தும் பெண் நாலு பேரோடு பேசாமல் இயலாது. ஆளை அழைக்க வேண்டும், விலை பேச வேண்டும், வாசலில் நின்று வழக்குத் தீர்க்க வேண்டும். வேலைக்கு இன்றியமையாத அப்பேச்சே அபவாதத்திற்கும் இடமாகும். தலைப்பிலேயே அதனை ஆபத்து என்று ராஜம் ஐயர் வைத்தது பொருள் நிறைந்தது. ஆசிரியர் 1898ஆம் ஆண்டில், 26 வயதில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அவ்வொரு நாவல், கணவன் துறவு பூண முனையும்போது மனைவிக்கு என்ன நேர்கிறது என்ற வினாவைத் தமிழ் உரைநடையின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டது.

இதே ஊரில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு கைதாகித் தண்டனை பெற்றார். 1912இல் விடுதலையானார், 1913இல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். சிறை தந்த தொழுநோயோடும் ஊர் ஊராகச் சென்றார். 1925ஆம் ஆண்டில் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். அவர் மனைவி பெயர் மீனாட்சியம்மாள். வ.உ.சி.யின் மனைவி பெயரும் மீனாட்சியம்மாளே. இரு தலைவர்களும் சிறைப்பட்ட நாளும், தண்டனையின் அளவும், செக்கிழுத்த கொடுமையும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவை. அந்த 4 ஆண்டுகளில் இரு மீனாட்சியம்மாள்களின் வீடுகளில் உலை எவ்வாறு கொதித்தது என்பதைச் சொல்லும் பாடம் ஒன்றும் இல்லை. விடுதலைப் போராட்டம் என்பது சிறைக்குச் சென்றவர்களும் அவர்கள் திரும்பி வர ஒரு வீட்டை வைத்திருந்தவர்களும் சேர்ந்து நடத்தியது. அதன் ஒரு பாதிக்கே தேதிகள் குறிக்கப்பட்டன.

இவ்வூரில் வளர்ந்த சி.சு.செல்லப்பாவையும் இங்கு நினைக்க வேண்டும். 1941ஆம் ஆண்டின் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர் அவர். 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்திப் புதுக்கவிதைக்கு வாழ்வு தந்தார். புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அம்மூட்டையைப் பற்றித் தமிழ் எழுத்தாளர்கள் நன்றியோடு எழுதியிருக்கிறார்கள். மூட்டையோடு அவர் வெளியூர் சென்ற நாள்களிலும் ஒரு வீடு நடந்திருக்கிறது. இலக்கிய வட்டங்களும் சிற்றிதழ்களும் எக்காலத்தும் அவ்வாறு எங்கோ நடந்துகொண்டிருந்த வீடுகளின் செலவில்தான் நடந்தன. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் எந்த வட்டமும் அக்கடனைக் குறியெதிர்ப்பையாகக் கொள்வது முறை.

இக்காலத்தில் பிரிவின் காரணங்கள் மாறியிருக்கின்றன. வளைகுடா வேலை, படைப்பணி, திருப்பூர், சென்னை, மலைத்தோட்டம் எனத் திசைகள் பெருகின. பணவிடைத் தாள் போய்க் கைப்பேசி வந்தது. பிரிந்தவர் குரல் நாள்தோறும் கேட்கிறது. ஆயினும் மோட்டார் பழுதானால் ஆளைக் கூப்பிடுவதும், வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், பன்றி இறங்கும் மலைத்தோட்டத்தில் வேலியைப் பார்ப்பதும், மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் வீட்டில் இருப்பவர் பாடுதான். குரல் வந்துவிடுவதால் முடிவெடுக்கும் உரிமை தொலைவிலிருந்தே செலுத்தப்படுவதும் உண்டு. நிலத்தில் உழைப்பவள் ஒருத்தி, சிட்டாவில் பெயர் வேறொருவருக்கு என்றால், பயிர்க்கடன் கேட்கும் நாளில் ஒரு கையெழுத்துக்காக அவள் காத்திருக்க நேர்கிறது. சிலப்பதிகாரக் கண்ணகி சொன்ன இழப்பு, விருந்திலிருந்து விண்ணப்பத்தாளுக்கு இடம் மாறியிருக்கிறது.

மாற்றத்தின் தடங்களும் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு வழங்கியது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், குடும்பத் தலைவி என்னும் சொல்லை அரசு ஆவணத்தில் ஏற்றி, தகுதியுடையோர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. தொகையின் அளவைப் பற்றி வாதிக்கலாம். பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்கு வழங்கிய அழைப்பு மீண்டும் ஓர் ஆவணத்தில் இடம் பெற்றது என்பதில் ஐயமில்லை.

இன்னொரு மாற்றமும் கவிஞர்களின் கண்ணில் பட வேண்டும். இன்று பிரிந்து செல்பவர் மனைவியாகவும் இருக்கிறார். செவிலியராக வெளிநாடு செல்பவரும், மலை ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகப் பணியேற்றுத் தங்குபவரும் பலர். அவ்வீடுகளில் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு, பால் கணக்கு எழுதி, துளசிக்கு நீர் ஊற்றி, கைப்பேசி ஒலிக்கும் நேரம் பார்த்திருப்பவர் கணவர். தலைவி பிரிந்த வீட்டில் தலைவன் ஆற்றியிருத்தலுக்குத் தொல்காப்பியர் துறை வகுக்கவில்லை. வகுக்கப்படாத துறை பாடுதற்குத் திறந்திருக்கிறது.

கவிஞர்களிடம் இவ்வுரை வேண்டுவது ஒன்றே. பிரிவைப் பாடும்போது வாசலோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் செல்ல வேண்டும். எந்தக் கொடி எந்த வாரத்தில் இறக்கப்பட்டது, எவரிடம் எத்தனை படி வாங்கப்பட்டது, எந்த முடிவு எவரையும் கேளாமல் எடுக்கப்பட்டது என்பவை பாட்டுக்குப் புறம்பான செய்திகள் அல்ல. முல்லைத் திணையின் உரிப்பொருள் அவற்றில்தான் வாழ்ந்தது. அடுத்து வரும் ஆண்டுகளில் இவ்வட்டத்தின் கவியரங்குகளில் அத்தகைய பாடல்கள் ஒலிக்குமானால், சுவரில் இருந்த மற்றொரு கணக்கும் தமிழில் படியெடுக்கப்பட்டதாகும்.